கடைசி அரை நிமிஷத்துச் சத்தம்

என் மகன் கம்ப்யூட்டரில் வாள் அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். நிஜ வாள் இல்லை. எங்கேயும் இல்லாத ஒரு தேசத்தில், இல்லாத ஓர் உலையில், இல்லாத இரும்பைக் காய்ச்சி அடிக்கிறான். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு குரு வேறு. குருவுக்கு உடம்பு மனிதனுடையது, தலை மட்டும் நரி.

“யாருடா இது?”

“என் மென்ட்டர்ப்பா. இவர்தான் எல்லாம் சொல்லிக்குடுக்கறாரு.”

“எந்த ஊரு?”

“தெரியாது.”

“பேரு?”

“அதுவும் தெரியாது. நரின்னுதான் கூப்புடுவோம்.”

“துட்டு கேக்குறானா?”

“இல்லப்பா. சும்மாதான் சொல்லித் தராரு.”

“அப்ப கண்டிப்பா திருடன்தான்.”

மகன் காதில் மாட்டியிருந்ததை இன்னும் கொஞ்சம் அழுத்தி மாட்டிக்கொண்டான். நான் போகாமல் அவன் பின்னாலேயே நின்றேன். அந்த நரி என்ன பண்ணுகிறது என்று யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா? கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து சூடான தூசி வாசனை வந்தது. இந்த வாசனை எனக்குக் கொஞ்சம் ஆபத்தானது. சூடான தூசி உருகிய ஈயத்தை ஞாபகப்படுத்தும். ஈயம் அதோடு சேர்த்துத் தேய்க்கிற குங்கிலியத்தை. குங்கிலியம் நேராகக் கொண்டுபோய் அஜீஸ் பாய் கடையின் மாடி அறையில் விட்டுவிடும்.

செஞ்சியில் பம்புசெட் சாமான் விற்கிற கடை அது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே வேலை பார்த்தேன். காலையில் ஷட்டரைத் தூக்குவது, புட்வால்வு எடுத்துக் கொடுப்பது, மோட்டார் எரிந்துபோனதற்குக் கரண்டு மேல் பழி போடும் விவசாயியோடு சேர்ந்து கரண்டைத் திட்டுவது, இதுதான் வேலை. எனக்குச் சொந்த ஊர் வல்லம் பக்கம். தினமும் பஸ்ஸில் தொங்கி வந்ததைப் பார்த்து, பாய்தான் மாடி அறையில் இருந்துகொள்ளச் சொன்னார். முன்னால் கடை, பின்னால் பாய் வீடு, மேலே நான். வந்த முதல் நாள், இந்த மனிதர் எதற்கு இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று தூக்கமே வரவில்லை.

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. நைனா பஸ் டிக்கெட்டைக்கூட வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைப்பார். நிலம்தான் சித்தப்பாவோடு பாகமாகிப் போனது, இது முழுசாக எனக்கே வந்தது.

அந்த வயதில் எல்லாருக்கும் ஒரு பைத்தியம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. வீட்டிலிருந்தபடியே ஒருவரோடு ஒருவர் காற்றில் பேசிக்கொள்கிற ஆட்கள் உலகம் முழுக்க உண்டு என்றும், அவர்களுக்கு ஹாம் என்று பெயர் என்றும் ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். அவர்களுக்கு முகம் கிடையாது. பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி. பேசுவதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் பரீட்சை. பரீட்சையில் மோர்ஸ், அதாவது தந்தி பாஷை. கேட்பதற்கு மட்டும் காது போதும். ஆகவே அந்தப் பத்திரிகையில் போட்டிருந்த சர்க்யூட் படத்தைப் பார்த்து, ஈயம் உருக்கி, விரலைச் சுட்டுக்கொண்டு, கேட்கிற பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டேன். மொட்டைமாடியிலிருந்து பக்கத்து வேப்பமரம் வரைக்கும் கம்பி இழுத்தேன். கோட்டைக் குரங்குகள் அதில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடும். குரங்கு ஏறினால் சத்தம் குறையும், இறங்கினால் கூடும். உலகத்திலேயே குரங்கால் சுருதி சேர்க்கப்பட்ட ரேடியோ என்னுடையதாகத்தான் இருக்கும்.

மோர்ஸ் யாரிடம் கற்றுக்கொள்வது? கடைத்தெருவில் ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தார். முன்பு எங்கேயோ தந்தி கற்றவர் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனுக்கு கத்துக்குடுத்தா நாளைக்கு எதுர்ல கட போடுவே. அதானே?”

“தந்திக்கு யாருண்ணா கட போடுவாங்க?”

“அதெல்லாம் போடுவீங்க. போ, போ.”

எங்கள் ஊரில் அப்போது தொழில் கற்றுக்கொடுப்பது என்றால் எதிரியை வளர்ப்பது என்று அர்த்தம். அவரை நான் தப்பு சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான், ஒருநாள் சாயங்காலம் கடை சாத்திவிட்டு வந்து பெட்டியின் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு குரல் தமிழில் வந்து விழுந்தது. “மோர்ஸ் கத்துக்க விரும்பற நண்பர்களுக்கு வணக்கம். தினமும் இதே நேரம், இதே இடம். பேப்பர் பென்சில் எடுத்துக்குங்க.” அறுபது வயதுக் குரல், தொண்டையில் மணல் கொட்டின மாதிரி. எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக, கீ கீ என்று, நிதானமாக அடித்துக் காட்டினார். ஐந்து எழுத்து அடிப்பார். நிறுத்துவார். “எழுதியாச்சா?” என்பார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம், “சரி. அடுத்தது” என்பார்.

ஓசியில் சொல்லித் தருகிறார். கட்டாயம் விஷயம் இருக்கிறது என்று முடிவு பண்ணினேன். ஆனாலும் பென்சிலை எடுத்தேன். திருடனிடம் கற்றுக்கொண்டாலும் எழுத்து எழுத்துதானே?

இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக வந்தால் எழுத ஆரம்பித்துவிட்டேன். இடித்த விஷயம் ஒன்றுதான். பாடம் முடிந்து “வணக்கம்” சொன்னதும் அந்த ஆள் திடீரென்று வேறு ஆளாகிவிடுவார். கடைசி அரை நிமிஷம், தகரத்தில் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி ஒரு மோர்ஸ். ஒரு எழுத்துகூடப் பிடிபடாது. படபடவென்று கொட்டி முடித்து, பொசுக்கென்று போய்விடுவார்.

பாய் ஒருநாள் மாடிக்கு வந்தார். என்ன சத்தம் என்று பார்க்கத்தான் வந்தார், ஆனால் தண்ணி டேங்க்கைப் பார்க்க வந்தவர் மாதிரி வந்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டார்.

“யாரு தம்பி இவன்?”

“தெரியாது பாய்.”

“எழுதியாச்சான்னு யார கேக்குறான்?”

“கேக்கறவங்க எல்லாரையும்தான்.”

“நீ இதுல பதில் சொல்ல முடியுமா?”

“முடியாது பாய். இது வாங்கற பொட்டி. அனுப்பாது.”

பாய் தாடியைத் தடவினார். “நீ சொல்லல. நான் சொல்லல. அப்புறம் யாரு எழுதியாச்சுன்னு சொன்னா? அவன் சரின்றானே?”

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை நாளாக நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே இடம் அது. பாய் அதில் போய்க் கையை வைத்துவிட்டார்.

மறுநாள் சோதனை. பாய் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார், தலையணையை அமுக்கிப் பார்த்தார். என்னை வெளியே மொட்டைமாடியில், கை தெரிகிற மாதிரி நிற்க வைத்துவிட்டு, தான் மட்டும் உள்ளே உட்கார்ந்தார். பாடம் நடந்தது. “எழுதியாச்சா?” என்று கேட்டது. பாய் மூச்சுகூட விடவில்லை. “சரி. அடுத்தது” என்றது.

பாய் வெளியே வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. “அல்லா மேல ஆணையா நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சரின்னுட்டான்.”

மாடிப்படியிலிருந்து பாயம்மாவின் குரல் வந்தது. பாயின் மனைவியை நான் பாயம்மா என்றுதான் கூப்பிடுவேன். பாய் ஒரு பேச்சு பேசினால் பாயம்மா படியில் நின்றபடியே அதைத் திருத்துவார். “வாத்தியாருங்க அப்டிதான். புரிஞ்சிதான்னு கேப்பாங்க, நாம வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்களே சரின்னுடுவாங்க. மூணாவது வரைக்கும் படிச்ச எனக்கே தெரியுது.”

அந்த நேரம் பார்த்து, உள்ளே ஆலங்கட்டி மழை ஆரம்பித்தது.

“இது இன்னா?”

“தெரியாது பாய்.”

“கத்துக்கிட்டேன்னியே.”

“மெதுவா வந்தா எழுதிடுவேன். இது ரொம்ப வேகம்.”

“அப்ப, உனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வேகமா அடிக்கிறான்.”

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நான் ராத்திரி முழுக்கத் தேடினேன். இல்லை.

காலையில் கடையில் பாய் என்னை உட்கார வைத்துப் பேசினார். கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. வயர்லெஸ் என்று ஒருவன் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். “தம்பி, நாளைக்கு ஏட்டு வந்து மாடியில இன்னா கம்பின்னு கேட்டா, உன்ன ரெண்டு கேள்வி கேட்டு வுட்டுடுவாரு. என்ன நாலு கேள்வி கூடக் கேப்பாரு. என் பேரு அப்டி. புரியுதா? எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேர்ந்து இந்த ஊர்ல கட வச்சிருக்கோம். ஒருத்தன் வந்து ஒரு கேள்வி கேட்டதில்ல.”

புரிந்தது.

“இந்த மாசம் முடியறதுக்குள்ள அவன் கடைசில இன்னா சொல்றான்னு நீ எனுக்குச் சொல்லு. இல்லன்னா கம்பிய அவுத்துடு.”

கம்பியை அவிழ்த்தால் பெட்டி ஊமை. பெட்டி ஊமையானால் பாடம் இல்லை, மதராஸில் பரீட்சை இல்லை. செஞ்சியில் எனக்கு வேறு வாத்தியார் யார் இருக்கிறார்கள்? எதிர்க்கடை போடுவேன் என்று பயப்படாத ஆள் அவர் ஒருவர்தான். அந்த ஒருவரையும் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நான். அதற்கு அவர் வேகமாக அடிப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதையும் அவரிடமேதான் கற்றுக்கொள்ள வேண்டும். சந்தேகப்பட்ட ஆளையே வக்கீலாக வைத்துக்கொண்ட கேஸ்.

முயன்று பார்த்தேன். முதல் எழுத்தை எழுதுவதற்குள் இருபது எழுத்து ஓடிவிடும். இரண்டு நாள் தோற்ற பிறகு, மூன்றாம் நாள் கைமுறுக்குத் தட்டோடு வந்த பாயம்மா படியிலேயே நின்று கடைசி வரைக்கும் கேட்டார்.

“இதுக்குப் போயி ஏன் இவ்ளோ டென்ஷன்? தெனம் ஒண்ணேதானே அடிக்கிறாரு.”

“எப்டிம்மா சொல்றீங்க?”

“நான் கீழ ரொட்டி சுடச் சொல்லோ தெனம் கேக்குறேனே. மொதல்ல டடக் டடக்ன்னு வருது, நடுவுல ஒரு நொண்டி நடக்குது, முடிக்கச் சொல்லோ நீளமா ஒண்ணு இழுக்குறாரு. ஒரு நாளு மாறல.” பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்து, “ஒற்றன்னா தெனம் ஒரே சேதியா சொல்லுவான்? அவனுக்கே சலிச்சுப்பூடாது?” என்றார்.

பாய் முறுக்கை எடுத்துக் கடித்தார். அவர் பதில் சொல்லாமல் கடித்தால் ஒத்துக்கொண்டார் என்று பொருள்.

ஒன்றேதான் என்றால் வேலை சுலபம். ஒரே நாளில் முழுசாகப் பிடிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு முதல் நாலு எழுத்து, நாளைக்கு நொண்டி நடக்கிற இடம், அடுத்த நாள் இழுக்கிற இடம். கடையில் மோட்டாரைச் சுற்றி வருகிற பழுப்புத்தாளில் கட்டம் போட்டுக்கொண்டேன். பாயும் தினமும் மேலே வந்துவிடுவார். வேவு பார்க்கவா, விடுகதையை அவிழ்க்கவா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முதலில் முழுசாக விழுந்த வார்த்தை ‘கார்டு’.

“கார்டா? இன்னா கார்டு? ரேஷன் கார்டா?”

“தெரியல பாய்.”

“ரேஷன் கார்டு எதுக்கு அவனுக்கு?”

அடுத்து விழுந்தது ‘பாக்ஸ்’. பாய் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

“பாக்ஸுன்னா பொட்டிதானே?”

“ஆமா பாய்.”

“பொட்டில இன்னா இருக்குது?”

“அத சொல்லல.”

“சொல்லமாட்டான்.” பாய் தணிந்த குரலில் சொன்னார். “பொட்டில இன்னா இருக்குதுன்னு யாருமே சொல்லமாட்டாங்க.”

அன்றைக்கு இருவரும் கம்பியை அவிழ்த்துவிடலாம் என்றே தீர்மானித்துவிட்டோம். இருட்டில் மரத்தில் ஏற முடியாது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். காலையில் அவலூர்பேட்டை சந்தைக்குப் போகிற கூட்டம் வழியில் கடைக்கும் வந்துவிட்டது. கம்பி ஒருநாள் தப்பித்தது. அந்த ஒருநாளில் ‘குன்னூர்’ விழுந்தது. பாக்ஸுக்குப் பக்கத்தில் ஓர் எண், அதற்குப் பக்கத்தில் குன்னூர். தபால் பெட்டி. விலாசம்.

அடுத்த நாள் மீதியும் வந்து சேர்ந்தது. பழுப்புத்தாளைத் தரையில் விரித்து, பாய்க்குத் தமிழில் படித்துக் காட்டினேன். “நான் சொல்வது கேட்டால் தயவுசெய்து ஒரு கார்டு போடுங்கள். பாக்ஸ் இத்தனாம் எண், குன்னூர். இதுவரை யாரும் போடவில்லை.”

பாய் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

“இத ஏன் வேகமா அடிக்கிறான்?”

நான் யோசித்தேன். கையெழுத்துப் போடுகிற மாதிரிதான். பாடத்தை நிதானமாக எழுதிவிட்டு, கீழே தன் பெயரை யாருக்கும் புரியாதபடி கிறுக்குகிற வாத்தியார்கள் இல்லையா? கை பழகின வேகம். மெதுவான பாடம் தேவைப்படுகிறவனுக்கு அந்த வேகம் புரியாது. புரிகிறவனுக்குப் பாடமே தேவையில்லை. தினமும் கூப்பிட்டிருக்கிறார். ஒருத்தர் காதிலும் விழாத மாதிரி கூப்பிட்டிருக்கிறார்.

பாய்க்கு இதை விளக்கியதும், அவர் மெல்லச் சொன்னார். “பாவம். அப்ப அந்த ‘சரி’...”

“அவரே சொல்லிக்கிட்டதுதான்,” என்றார் படியிலிருந்து பாயம்மா.

கார்டு எழுதலாம் என்றதும் பாய் மறுபடியும் பாயானார். “பேரு போடாத. வெலாசம் போடாத. கட பேரு வேணவே வேணா. என்ன இருந்தாலும் யாருன்னு தெரியாத ஆளு.” கடைசியில் கார்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘கேட்கிறது. கடைசியில் மெதுவாக அடிக்கவும். – செஞ்சி.’ மெதுவாக அடிக்கவும் என்பது பாயின் வாக்கியம். தபால் முத்திரையில் ஊர் தெரியும் என்று நான் சொன்னதற்கு, முத்திரை கலங்கலாகத்தான் விழும் என்றார். ஊர்ப் பெயரைத்தான் நாமே எழுதியிருக்கிறோமே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கார்டு போயிருக்காது.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. குரல் அதே குரல், மழை அதே மழை. பாய், “பாத்தியா, நான் சொல்லல?” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் ஒருநாள் சாயங்காலம், ஐந்து எழுத்து அடித்து நிறுத்தினார். “எழுதியாச்சா?” என்றார். வழக்கத்தைவிட நீளமாக இரைச்சல் மட்டும் ஓடியது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“செஞ்சி. எழுதியாச்சா?”

பாய் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். “ஊர் பேரச் சொல்றான். டேய், ஊர் பேரச் சொல்றான்.” விளக்கை அணைக்கப் போனவரைப் பாயம்மா அதட்டினார்.

“கேக்குறாரில்ல? பதில் சொல்லேம்பா.”

“இது வாங்கற பொட்டிம்மா. அங்க கேக்காது.”

“கேக்காட்டி இன்னா? கேட்டதுக்கு பதில் சொல்லணும்.”

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெட்டியைப் பார்த்து, “எழுதியாச்சு” என்றேன்.

“சரி,” என்றது பெட்டி. “அடுத்தது.”

அன்றையிலிருந்து விலாசத்தை மெதுவாக அடித்தார். கார்டுகள் போக ஆரம்பித்தன போலிருக்கிறது. மாதம் ஆக ஆக அவர் கேட்கிற கேள்வி நீண்டுகொண்டே போனது. “செஞ்சி, ஆம்பூர், அறந்தாங்கி... எழுதியாச்சா?” ஒருநாள் அதில் ‘அவலூர்பேட்டை’ வந்தது. பாய்க்கு அன்றைக்குத் தூக்கம் போனது.

“அவலூர்பேட்டையா? அங்க யாரு அப்டி ஆளு? எனுக்குத் தெரியாம யாரு?”

அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து புட்வால்வு வாங்க வருகிற ஒவ்வொருவரையும் பாய் ஏற இறங்கப் பார்ப்பார். “நீங்க ரேடியோ கேப்பீங்களா?” என்பார். அவர்கள் பயந்துபோய் இல்லை என்பார்கள். அதிலேயே அவருக்குச் சந்தேகம் கூடிவிடும். கடைசி வரைக்கும் அது யார் என்று தெரியவில்லை. என்னோடு சேர்ந்து ஒரே வகுப்பில் படித்தவர், அரை மணி நேர பஸ் தூரத்தில்.

பரீட்சை தேறினேன். லைசென்ஸ் வந்தது. பேசுகிற பெட்டியும் கட்டினேன். குன்னூரை முதல்முதலில் நானே கூப்பிட்டபோது அவர் உடனே நம்பவில்லை. “உங்க குறிய இன்னொரு தடவ சொல்லுங்க” என்று இரண்டு தரம் கேட்டார். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். எனக்கு அவர்மேல் அன்றைக்குத்தான் முழு நம்பிக்கை வந்தது. பேச்சுவாக்கில் வயதைப் பற்றியும் பேச்சு வந்தது. அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். அறுபது வயதுக் குரல் என் பெட்டியின் கோளாறு. முள்ளை ஒரு நூல் தள்ளி வைத்தால் குரல் கிழடு தட்டிவிடும், இன்னொரு பக்கம் தள்ளினால் வாத்து கத்தும். இத்தனை காலமும் ஒரு சின்னப் பையனைக் கிழவராக்கி, அந்தக் கிழவரை ஒற்றனாக்கி வைத்திருந்தது என் கைதான். இன்னொன்றும் சொன்னார். எங்கள் கார்டு வந்த வாரம் பாடத்தை நிறுத்திவிடுவதாக இருந்தாராம். கேட்க ஆளில்லாமல் எத்தனை நாள்தான் பேசுவது?

நாங்கள் கடைசி வரை நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. சில வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் அந்தப் பாட நேரம் காலியாக இருந்தது. அடுத்த நாளும். வேலை மாற்றமா, கல்யாணமா, வேறு ஏதாவதா, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. தபால் பெட்டிக்குப் போட்ட கார்டு திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

பாய் இப்போது உயிரோடு இல்லை. பாயம்மா மகளோடு வேலூரில் இருக்கிறார். கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தக் கேட்கிற பெட்டி மட்டும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் தூசி தட்டி, ஒரு கம்பியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, முள்ளை அதே இடத்துக்குக் கொண்டுபோனேன். வீட்டில் இருக்கிற சார்ஜர்கள், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், தெருவின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து ‘ங்ங்’ என்று ஒரே இரைச்சலாகப் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல், முள்ளை நகர்த்திப் பார்த்தேன். சந்தேகப்படுவதற்குக்கூட அதில் ஒரு குரல் இல்லை.